பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது பாறை வந்தால் அந்தச் செலவு யாருடையது?

கேட்டவர் ஒரு நகர்மன்ற உறுப்பினர், ஊர் கொங்குப் பக்கம். பாதாளச் சாக்கடை வேலை ஏறக்குறைய பாதி முடிந்திருக்கிறது, சில தெருக்களில் பாறை வந்துவிட்டது என்று ஒப்பந்தக்காரர் கூடுதலாகப் பெரிய தொகை கேட்கிறார், அதற்கான தீர்மானம் அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வருகிறது. இதைக் கொடுத்துத்தான் ஆகணுமா, இல்லை இது ஏமாற்று வேலையா என்பது கேள்வி. குடிநீர், வடிகால் வேலைகளில் எஸ்டிமேட் போட்டும் சைட்டில் நின்று அளவு எடுத்தும் பழகியவன் என்கிற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடி பதில். பாறை உண்மையிலேயே வந்திருந்தால், ஒப்பந்தத்தில் அதற்கு ரேட் இருந்தால், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் கேட்கும் அளவுக்கா என்பது வேறு கேள்வி, அதற்கு விடை சொல்லக்கூடியது எம் புக் என்கிற அளவுப் புத்தகம் ஒன்றுதான். உங்கள் ஊரில் அந்தப் பள்ளங்களை மூடுவதற்கு முன்னால் யார் லெவல் (மட்ட அளவு) எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எதை எம் புக்கில் எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடின பிறகு அங்கே பாறை எத்தனை அடி இருந்தது என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

சாக்கடைக் குழாய்க்கு ஏன் இவ்வளவு ஆழம் போக வேண்டியிருக்கிறது என்று பலர் கேட்பார்கள். குடிநீர்க் குழாய் அழுத்தத்தில் ஓடுகிறது, அதை ஒரு மீட்டர் ஆழத்தில் மேடு பள்ளத்தோடு போட்டுக்கொண்டே போகலாம். சாக்கடை தானாகச் சரிவில் ஓட வேண்டும், அடியில் கசடு தங்காத அளவுக்கு வேகமும் வேண்டும். 200-க்கு 1 என்று சரிவு வைத்தால் 100 மீட்டருக்கு அரை மீட்டர் கீழே போகும். தெரு சமமாக இருந்து, ஒரு மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்தால், 600 மீட்டர் தள்ளி நீங்கள் 4 மீட்டர் ஆழத்தில் இருப்பீர்கள். தெரு எதிர்த்திசையில் ஏறினால் இன்னும் மோசம். மேலே ஒன்றரை மீட்டர் செம்மண்ணும் சரளையும் இருக்கும் தெருவில் குடிநீர்க் குழாய் போட்டவருக்குப் பாறை கண்ணிலேயே பட்டிருக்காது, அதே தெருவில் சாக்கடை போடுகிறவர் முழுக்கப் பாறைக்குள் இருப்பார். அதனால் "போன தடவை குடிநீர்க் குழாய் போட்டப்போ பாறையே இல்லையே" என்ற வாதம் மன்றத்தில் வந்தால் அதற்கு மதிப்பில்லை.

கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி என்று அந்தப் பகுதி முழுக்கக் கடினமான பழைய பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கடப்பாரைக்குப் பெயரும் மென்பாறை, அதற்கும் கீழே கடும்பாறை. இது ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு வீட்டு வாசலில் நாலு மீட்டர் மண் இருக்கும், மூன்று வீடு தள்ளி ஒரு மீட்டரிலேயே கல் தட்டும். மண்ணுக்குள் தனியாகப் பெரிய உருண்டைக் கற்கள் வேறு கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு அடிப்பாறை வந்துவிட்டது என்று எழுதுவதும் நடக்கிறது. கடலோர ஊர்களிலும் காவிரிப் படுகையிலும் கதை வேறு, அங்கே பாறைக்குப் பதில் தண்ணீர்தான் செலவு வைக்கும். சென்னையில் மணலும் களிமண்ணுமாகப் போய்க்கொண்டே இருந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் திடீரென்று பாறையும் வரும்.

ஆக, கொங்கு நாட்டில் தோண்டினால் பாறை வரும் என்பது யாருக்கும் எதிர்பாராத செய்தி இல்லை. எந்தத் தெருவில், எந்த ஆழத்தில், எவ்வளவு என்பதுதான் தெரியாமல் இருந்தது, அதையும் பெருமளவு தெரிந்துகொண்டிருக்கலாம். திட்ட அறிக்கை போடுகிறவர்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் வரும் இடத்திலும் கழிவுநீரேற்று நிலையம் வரும் இடத்திலும்தான் துளை போட்டு மண் பரிசோதனை செய்கிறார்கள், ஏனென்றால் அங்கே கட்டடத்துக்கு அஸ்திவாரம் வடிவமைக்க வேண்டும். தெருக்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பல கிலோமீட்டர் நீளமுள்ள வேலைக்கு நாலைந்து துளையை வைத்து "மண் 80 சதவீதம், மென்பாறை 15, கடும்பாறை 5" என்று ஒரு விகிதம் போட்டு எஸ்டிமேட்டை முடிக்கிறார்கள். அந்த விகிதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் எந்த ஆதாரமும் இருக்காது. உங்கள் ஊர் எஸ்டிமேட்டில் அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் பெரும்பாலான வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதைத் தோண்டினபோது எத்தனை அடியில் கல் வந்தது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும், தோண்டின கொத்தனாருக்கும் தெரியும். கிணறு வெட்டுகிறவர்களுக்கும் போர்வெல் வண்டிக்காரர்களுக்கும் ஊரின் அடிமண் மனப்பாடம். ஒரு ஆள் நோட்டும் பேனாவுமாகத் தெருத் தெருவாகப் போய்க் கேட்டிருந்தால் போதும், பிறகு சந்தேகமான இடங்களில் மட்டும் ஜேசிபி வைத்து மாதிரிக் குழி தோண்டிப் பார்த்திருக்கலாம். பல கோடி ரூபாய்த் திட்டத்தில் அது ஒரு செலவே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் நிலத்தடி அபாயம் ஒப்பந்தக்காரருடையது, இது பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு, நம் ஒப்பந்தங்களும் அந்த வழியில் வந்தவைதான். இதற்குச் சொல்லப்படும் முன்னோடித் தீர்ப்பே ஒரு உள்ளாட்சிச் சாக்கடை வேலையில் வந்தது என்பது பொருத்தம். இங்கிலாந்தில் யார்க் மாநகராட்சி, 1892. இரண்டு தரப்பும் துளை போட்டுப் பார்க்கவில்லை, தோண்டினால் மண் நினைத்ததைவிட மோசமாக இருந்தது, கூடுதல் தொகைக்குப் பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போனார், வழக்கிலும் தோற்றார். பார்க்காமல் விலை சொன்னது அவர் பொறுப்பு என்பதுதான் சாரம்.

ஆனால் நகராட்சி தவறான தகவல் கொடுத்திருந்தால்? அதற்கும் சாக்கடை வழக்கே இருக்கிறது. டப்ளின் மாநகராட்சியின் கழிவுநீர் வேலையில், கடலோரத்தில் ஒரு பழைய சுவர் நில அளவையின் அடிப்படை மட்டத்துக்கு 9 அடி கீழே வரை இருப்பதாக வரைபடத்தில் காட்டியிருந்தார்கள், உண்மையில் அப்படி இல்லை. "எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது. 1907-ல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, மோசடியாகத் தரப்பட்ட தகவலுக்கு அந்த ஷரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்றது. நம் டெண்டர்களிலும் இதே ஷரத்து தவறாமல் இருக்கும், அதைக் காட்டி "ஒரு பைசா தர மாட்டோம்" என்று மன்றத்தில் முழங்குவதற்கு முன் நகராட்சி தன் ஆவணத்தில் என்ன சொல்லியிருந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி வெளிக் கடனில் நடக்கும் பெரிய வேலைகளில் ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) வடிவ ஒப்பந்தம் வரும். அதன் 1999 பதிப்பில் 4.12-வது ஷரத்து இதைப் பற்றித்தான். அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர் டெண்டர் போடும் தேதியில் நியாயமாக ஊகித்திருக்க முடியாத நிலத்தடி நிலை வந்தால் கூடுதல் நாளும் கூடுதல் செலவும் உண்டு, லாபம் கிடையாது. நிலைமை தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் உரிமை போகும். உங்கள் வேலை இந்த வகையா என்று பாருங்கள். ஆம் என்றால் நோட்டீஸ் தேதியை முதலில் கேளுங்கள்.

நிலத்தைக் காட்டி ஒப்பந்தக்காரர் கேட்பதெல்லாம் செல்லும் என்றும் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டி நிர்வாகம் பிரைட்வாட்டர் கழிவுநீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது 2009-ல் இயந்திரங்கள் பழுதாகி நின்றன. ஒப்பந்தக்காரர்கள் மண்ணைக் குற்றம் சொன்னார்கள், நிர்வாகம் மீதி வேலையில் ஒரு பகுதியை வேறு நிறுவனத்திடம் கொடுத்து முடித்தது. 2012 டிசம்பரில் ஜூரி, நிர்வாகத்துக்கு 15.58 கோடி டாலர் தரச் சொன்னது, ஒப்பந்தக்காரர்களின் சில கோரிக்கைகளையும் ஏற்று அவர்களுக்கு ஏறக்குறைய 2.6 கோடி டாலர் தரச் சொன்னது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஆவணத்தோடு வாதாடியதால்தான் அப்படிப் பிரித்துத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

நம் ஊர் நகராட்சி வேலைகள் பெரும்பாலும் அளவுப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு ரேட் என்று நடக்கும். மண்ணுக்கு ஒரு ரேட், மென்பாறைக்கு ஒன்று, கடும்பாறைக்கு ஒன்று, ஆழம் கூடக் கூட ரேட்டும் கூடும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் பாறை வந்தால் சட்டச் சண்டைக்கே பெரிய வேலை இல்லை, பட்டியலில் இருக்கும் பாறை ரேட்டில் அளந்து கொடுக்க வேண்டியதுதான். சிக்கல் அங்கே வேறு ரூபத்தில் வரும், டெண்டர் போடும் நாளிலேயே வந்திருக்கும்.

உதாரணமாக ஒரு கணக்கு. பட்டியலில் மண் 20,000 கன மீட்டர், கடும்பாறை 500 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் மண்ணுக்கு 300 ரூபாய், பாறைக்கு 2,000 போடுகிறார், மொத்தம் 70 லட்சம். இரண்டாம் ஆள் மண்ணுக்கு 250, பாறைக்கு 3,600, மொத்தம் 68 லட்சம். இரண்டாமவருக்கு வேலை போகிறது, குறைந்த விலை என்று எல்லோரும் திருப்தி. தோண்டினால் பாறை 5,000 கன மீட்டர், மண் 15,500. இப்போது முதல் ஆளாக இருந்திருந்தால் 146.5 லட்சம், நீங்கள் தேர்ந்தெடுத்தவருக்கு 218.75 லட்சம். 2 லட்சம் மிச்சம் பிடித்து 72 லட்சம் விட்டாயிற்று. ஊரின் அடிமண் தெரிந்த ஒப்பந்தக்காரர் இதைச் சட்டத்தை மீறாமலே செய்யலாம், எஸ்டிமேட்டில் பாறை அளவைக் குறைத்துக் காட்டியதுதான் அவருக்கு வழி விட்டது. எனவே உங்கள் வேலையில் பாறை ரேட் அன்றைய ரேட் ஷெட்யூலைவிட (அரசின் விலைப் பட்டியலைவிட) எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். ரொம்பக் கூடுதலாக இருந்தால், பட்டியல் அளவைத் தாண்டிய பகுதிக்கு ரேட்டைத் திரும்பப் பேச ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அளவு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் புது ரேட் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும், அதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

இனி அளவு. பணம் ஒழுகும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு மேன்ஹோலுக்கு நடுவில் 30 மீட்டர், பள்ளம் 0.9 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். மொத்தம் 81 கன மீட்டர். பாறை 1.8 மீட்டரில் ஆரம்பித்தால் பாறை ஆழம் 1.2 மீட்டர்தான், அளவு 32.4 கன மீட்டர். பில்லில் "பாறைத் தெரு" என்று 81-ஐயும் பாறையாக எழுதியிருந்தால் இரண்டரை மடங்கு கொடுக்கிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பாறையின் தலை தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்தி, நகராட்சிப் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து அங்கே லெவல் எடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பது. பிறகு அடிமட்டத்தில் இன்னொரு லெவல். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பாறை. சில மீட்டருக்கு ஒரு லெவல் வேண்டும், மேன்ஹோலுக்கு மேன்ஹோல் ஒன்று எடுத்துச் சராசரி போடுவது போதாது.

மண்ணும் பாறையும் கலந்து வரும் இடத்தில் லெவல் வைத்துப் பிரிக்க முடியாது. அங்கே உடைத்த கல்லைத் தனியாக அடுக்கி, அடுக்கை அளந்து, இடைவெளிக்காகப் பாதியைக் கழிக்க வேண்டும். 60 கன மீட்டர் அடுக்கு இருந்தால் பணம் 30 கன மீட்டருக்கு. கல் அடுக்கே இல்லாமல் கலப்பு இடத்துக்குப் பாறை பில் வந்திருந்தால் கல் எங்கே போனது என்று கேளுங்கள். அதற்கு விலை உண்டு, யாராவது விற்றிருப்பார்கள், ஒப்பந்தப்படி அது நகராட்சியின் சொத்தாகவும் இருக்கலாம்.

வகையிலும் சண்டை வரும். ஜேசிபி வாளியிலேயே வந்ததா, பொக்லைனில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டினால்தான் வந்ததா என்பதுதான் சைட்டில் நடைமுறைச் சோதனை. பிரேக்கர் வண்டியின் மணிக்கணக்கு, டீசல், சைட் டைரி, தேதியோடு எடுத்த போட்டோ எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஊருக்குள் வெடி வைக்க அனுமதி கிடைப்பது கஷ்டம், வீடுகள் ஒட்டி இருக்கும் தெருவில் வைக்கவும் கூடாது. அதனால் வெடி வைத்துத் தகர்க்கும் ரேட்டுக்கும் வெடி இல்லாமல் உடைக்கும் ரேட்டுக்கும் வித்தியாசம் பெரியது. பட்டியலில் வெடி ஐட்டம் மட்டும் போட்டிருந்தால், வெடி இல்லாமல் உடைத்ததற்குப் புது ரேட் கேட்பது நியாயமான கோரிக்கைதான், அதில் ஒப்பந்தக்காரர் பக்கம் நான் நிற்பேன்.

பள்ளத்தின் அகலத்தையும் பாருங்கள். ஷோரிங் (மண் சரியாமல் இருக்கப் பக்கத் தடுப்பு) போடாமல் பக்கத்தைச் சரித்துத் தோண்டினால் அதே 30 மீட்டரில், மேலே 3 மீட்டர் அகலம் கீழே 0.9 என்று வைத்தால், 175.5 கன மீட்டர் வருகிறது. அந்தக் கூடுதல் அளவுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்காது, பெரும்பாலும் செங்குத்துப் பள்ளத்துக்குத்தான் பணம். அதோடு 0.9 மீட்டர் வெட்ட வேண்டிய ரோட்டை 3 மீட்டர் வெட்டியிருப்பார்கள், அதைத் திரும்பப் போடும் செலவு இன்னொரு ஐட்டத்தில் சத்தமில்லாமல் ஏறியிருக்கும்.

ஷோரிங் என்று வரும்போது பணத்தை விட்டுவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான மண் பள்ளத்துக்குப் பக்கத் தடுப்பு வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு 3764 சொல்கிறது. தோண்டும் செலவு கையை மீறும்போது முதலில் வெட்டு விழுவது இதில்தான். மண் சரிந்து ஆள் புதைவது நிமிட நேரத்தில் நடந்துவிடும். கூடுதல் தொகையை இழுத்தடித்து ஒப்பந்தக்காரரை நெருக்கினால் அந்த நெருக்கடி கடைசியில் பள்ளத்துக்குள் நிற்கும் தொழிலாளி தலையில்தான் இறங்கும். நியாயமான பாறைத் தொகையைக் காலத்தில் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். கூடவே, ஷோரிங் ஐட்டம் பில்லில் இருக்கிறதா, சைட்டில் இருக்கிறதா என்று நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

தண்ணீர் இறைக்கிற செலவைப் பற்றி அதிகம் இல்லை. தோண்டும் ரேட்டிலேயே அது அடக்கம் என்று எழுதியிருந்தால் தனியாகக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முன் நீங்கள் கையில் வாங்க வேண்டியவை: ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியல், திட்ட அறிக்கையின் மண் பரிசோதனைப் பகுதி, பாறை வந்ததாக ஒப்பந்தக்காரர் எழுதிய முதல் கடிதம், அந்தத் தெருக்களின் எம் புக் பக்கங்கள், லெவல் புத்தகம். உறுப்பினர் என்ற முறையில் கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அதில் ஆவண நகல் மட்டும் இல்லை, வேலையை நேரில் பார்வையிடும் உரிமையும் உண்டு. கூடுதல் செலவுக்குத் திருத்திய மதிப்பீடும் திருத்திய நிர்வாக அனுமதியும் வேண்டும், மானியம் பொதுவாக முதலில் அனுமதித்த தொகையை ஒட்டித்தான் வரும், அதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் நகராட்சி நிதியிலோ கடனிலோதான் வந்து நிற்கும். உங்கள் ஊர் சாக்கடை வரியில், வீட்டு இணைப்புக் கட்டணத்தில் அது தெரியும்.

தீர்மானத்தை அப்படியே ஏற்கவோ எதிர்க்கவோ வேண்டாம். இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கூட்டு லெவல் இருக்கும் தெருக்களுக்கு ஒப்பந்த ரேட்டில் இப்போதே பணம். லெவல் இல்லாத தெருக்களுக்கு, கல் அடுக்கு, வண்டி மணிக்கணக்கு, போட்டோ, பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் ஆழம் என்று கிடைக்கும் ஆதாரத்தை வைத்து மேற்பார்வைப் பொறியாளர் மட்டத்தில் ஒருவர் பார்த்து முடிவு சொல்லட்டும்.

அப்புறம் மீதித் தெருக்கள், உண்மையில் காசை மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அதுதான். குழாய்ப் பள்ளம் ஆரம்பிப்பதற்கு முன் மேன்ஹோல் குழிகளை மட்டும் முதலில் தோண்டச் சொல்லுங்கள். எப்படியும் தோண்ட வேண்டிய குழிகள், தனிச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை, சுற்றித் தடுப்பு மட்டும் பலமாக வைக்க வேண்டும். 30 மீட்டருக்கு ஒன்று என்று தெரு முழுக்கப் பாறை மட்டம் கையில் கிடைத்துவிடும். அதை வரைபடத்தில் போட்டால், எந்தத் தெருவை வேறு பக்கம் திருப்பி ஓட்டலாம், எங்கே ஒரு சின்ன நீரேற்று நிலையம் வைத்துப் பள்ளத்தை இரண்டு மீட்டர் உயர்த்தலாம் என்று வடிவமைப்பாளர் பார்க்க முடியும். அந்த வரைபடத்தில் பாறை அளவைக் கணக்குப் போட்டு, ஒப்பந்தக்காரரோடு ரேட் பேசி, அதற்குப் பிறகு திருத்திய மதிப்பீட்டை மன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.